வளையும் குழாயும் வளையாத சுவரும்

வீடு கட்டுகிற இடத்தில் கயிற்றுச் சுருள் மாதிரி ஒரு குழாய்ச் சுருள் வந்து இறங்கினால், வீட்டுக்காரருக்கு முதலில் சந்தேகம்தான் பிறக்கிறது. குழாய் என்றால் விறைப்பாக நிற்க வேண்டும். தட்டினால் சத்தம் வர வேண்டும். திருப்ப வேண்டிய இடத்தில் எல்போ போட வேண்டும். செடிக்குத் தண்ணீர் விடும் ட்யூப் போல வளைந்து கொடுக்கிற ஒன்றைக் குளியலறைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டால் அது எத்தனை நாள் தாங்கும்? தாங்கும் என்று சத்தியம் செய்கிறார் விற்க வந்தவர். தாங்காது என்று தலையை ஆட்டுகிறார், முப்பது வருஷமாக ஜி.ஐ. பைப்பும் பி.வி.சி. பைப்பும் போட்டுப் பழகிய பிளம்பர். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. வீட்டுக்காரருக்கோ முழு உண்மை தேவை. கடன் அவர் பெயரில் இருக்கிறது, சுவரும் அவருடையது.

வளைகிற குழாய் தமிழ்நாட்டுக்கு அடியோடு புதிதல்ல. ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கும்போது அதோடு சேர்ந்து இறங்கும் கறுப்புக் குழாயைப் பார்க்காத கிராமம் அநேகமாக இராது. நூறடி, இருநூறடி ஆழத்துக்கு நடுவில் ஓர் இணைப்புகூட இல்லாமல் ஒரே குழாயாகப் போகிறது. மோட்டார் பழுதானால் நாலு பேர் பிடித்து இழுக்க, சுருண்டு கொண்டு மேலே வந்துவிடுகிறது. அதன் கறுப்பு நிறம் அழகுக்காக அல்ல. வெயில் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடாமலிருக்க, நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கரித்தூளைச் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தக் கறுப்புக் குழாயின் மூலப்பொருளான பாலிஎதிலீன் தற்செயலாகக் கிடைத்த சரக்கு. 1933-ம் ஆண்டு இங்கிலாந்தில், நார்த்விச் என்ற ஊரில், ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் பாசெட், கிப்ஸன் என்ற இருவர் வேறு எதற்காகவோ செய்த சோதனையின் முடிவில், பாத்திரத்தில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் பாலிஎதிலீன். 1953-ல் ஜெர்மானியரான கார்ல் ஸீக்லர் அதையே குறைந்த அழுத்தத்தில், இன்னும் உறுதியாகச் செய்யும் வழியைக் கண்டார். அதற்காக 1963-ல் இத்தாலியரான நாட்டாவுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பாலிஎதிலீனுக்கு ஒரு குறை உண்டு. குளிர்ந்த நீரில் வீரன். வெந்நீர் பட்டால் துவண்டுவிடுகிறது. வெந்த சேமியாவைத் தட்டில் கொட்டினால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன அல்லவா? பாலிஎதிலீனின் மூலக்கூறுகளும் அப்படித்தான் நீண்ட இழைகளாகக் கிடக்கின்றன. சூடு ஏறினால் வழுக்க ஆரம்பிக்கின்றன. இழைகளுக்குக் குறுக்கே முடிச்சுப் போட்டு வலையாக்கிவிட்டால் வழுக்காது. இந்த முடிச்சுப் போடும் வித்தையை 1968-ல் ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் எங்கல் குழாய்க்குப் பொருத்திக் காட்டினார். அப்படிப் பிறந்ததுதான் இன்று கடைக்காரர்கள் ‘பெக்ஸ்’ என்று சொல்லும் குழாய். குளிர் நாடுகளில் தரைக்கு அடியில் வெந்நீர் ஓடவிட்டு அறையைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள முதலில் அதைப் பயன்படுத்தினார்கள். பிறகுதான் குடிநீருக்கும் குளியலறைக்கும் வந்தது.

அதன் பலத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அமெரிக்க அளவுகோலின்படி சாதாரணத் தண்ணீரில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 11 கிலோ அழுத்தத்தையும், 82 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் 7 கிலோவையும், 93 டிகிரியில் ஐந்தரைக் கிலோவையும் தாங்க வேண்டும் என்பது நிபந்தனை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் தண்ணீருக்கு முப்பதடி உயரத்தில்கூட ஒரு கிலோ அழுத்தம்கூட முழுதாக இராது. யானை கட்டும் சங்கிலியில் ஆட்டுக்குட்டியைக் கட்டின கதைதான். பிறகு எங்கே வருகிறது ஆபத்து? இதற்கு அமெரிக்கர்கள் ஏராளமான பணம் செலவழித்து விடை கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்கா கட்டிய அபராதம்

1978-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்க வீடுகளுக்குப் பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த சாம்பல் நிறக் குழாய் வந்தது. இது பெக்ஸ் அல்ல. அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். செம்புக் குழாயோடு ஒப்பிட்டால் அடிமாட்டு விலை. வளையும்; கனம் இல்லை; நெருப்பு வைத்துப் பற்றவைக்கும் வேலை இல்லை. கட்டட விதிகளும் அதை ஏற்றுக்கொண்டன. கேட்பானேன்! புதிதாக எழுந்த குடியிருப்புகளில் தெருத் தெருவாக அதையே போட்டார்கள். 1995 வரை பல லட்சம் வீடுகளின் சுவருக்குள் அது புகுந்துவிட்டது.

சில வருஷங்கள் ஒன்றும் நேரவில்லை. பிறகு கசிவுகள் ஆரம்பித்தன. ஊர்க் குடிநீரில் கிருமியைக் கொல்வதற்காகச் சேர்க்கும் குளோரின், அந்தக் குழாயின் உட்புறத்தையும், குழாயோடு குழாயைச் சேர்த்த பிளாஸ்டிக் இணைப்புகளையும் மெல்ல மெல்ல முறுகச் செய்துவிட்டது. இணைப்பின்மேல் மாட்டிய உலோக வளையத்தை எங்கே அளவுக்கு மேல் இறுக்கியிருந்தார்களோ அங்கே விரிசல் விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புதுக் குழாய் மாதிரியே இருக்கும். உள்ளே நடந்த அரிப்பு ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. ஒருநாள் வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் தரைவிரிப்பு மிதந்து கொண்டிருக்கும்.

வழக்குமேல் வழக்கு வந்தது. 1995-ல் டென்னஸி மாகாணத்து நீதிமன்றத்தில் ஷெல், ஹெக்ஸ்ட் ஸெலனீஸ் ஆகிய கம்பெனிகள் 95 கோடி டாலர் நஷ்டஈட்டு நிதிக்குச் சம்மதித்தன. தப்பு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டு அல்ல, சமரசமாகத்தான். அந்தக் குழாய் அமெரிக்கச் சந்தையிலிருந்து மறைந்தது. அந்தச் சாம்பல் குழாய் உள்ள பழைய வீட்டை வாங்கவும், இன்ஷூர் செய்யவும் இன்றும் அங்கே தயங்குகிறார்கள்.

அதோடு நின்றதா என்றால், இல்லை. 1995-ல் இன்னொரு குழாய் புறப்பட்டது. இரண்டு பெக்ஸ் அடுக்குகளுக்கு நடுவே அலுமினியத் தகடு, இணைப்புகளுக்குப் பித்தளை. பிளாஸ்டிக் இணைப்பால்தானே போன தடவை வம்பு வந்தது, இப்போது பித்தளையாயிற்றே என்று எல்லாருக்கும் திருப்தி. ஆனால் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். துத்தநாகம் அதிகமாகச் சேர்ந்த மலிவுப் பித்தளையிலிருந்து தண்ணீர் அந்தத் துத்தநாகத்தை உருவி எடுத்துவிட, மிஞ்சியது பஞ்சு மாதிரியான செம்பு. எடுத்த துத்தநாகம் வெள்ளைப் பொடியாகப் படிந்து வழியை அடைத்தது. இந்தக் ‘கைடெக்’ குழாய் விவகாரத்தில் அமெரிக்கா, கனடா இரண்டுக்கும் சேர்த்து 2011-ல் பன்னிரண்டரைக் கோடி டாலர் நஷ்டஈடு ஏற்பாடாயிற்று.

இதைக் கேட்டவுடன், ‘பிளாஸ்டிக்கே வேண்டாம், பழைய இரும்பே மேல்’ என்று கும்பிடு போடுவது அவசரக் காரியம். பாலிபியூட்டிலீன் குழாய் பிரிட்டனில் இன்றும் விற்பனையாகிறது. அங்கே இணைப்பு வேறு மாதிரி. தவிரவும், எந்தக் குழாய்தான் யோக்கியமானது? இரும்பு துருப்பிடித்துக் கால்வாசித் துவாரமாகக் குறுகிப் போவது தமிழ்நாட்டில் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. ஈயக் குழாயைவிட மண் குழாய்த் தண்ணீரே உடம்புக்கு நல்லது என்று ரோமாபுரியின் விட்ருவியஸ் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்தார், ஊர் கேட்டதா? நமது பி.வி.சி. குழாயிலும் ஈயச் சேர்மானம் உண்டு என்பதால் அதை நிறுத்த 2021-ல் மத்திய அரசாங்கம் விதி செய்ய வேண்டியிருந்தது. பாலிஎதிலீனுக்கு அந்தச் சேர்மானம் தேவையில்லை. புதுக் குழாயில் சில நாள் பிளாஸ்டிக் வாசனை அடிப்பதுண்டு. தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவினால் குறைகிறது.

அமெரிக்கக் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. இரண்டு முறையும் வம்பு பிடித்த இடங்களில் இணைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டு முறையும் அந்த இணைப்பு சுவருக்குள் ஒளிந்திருந்தது. அதிலும் அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவர்கள் வீட்டுச் சுவர் மரச் சட்டத்தின்மேல் அறைந்த அட்டைப் பலகை. கத்தியால் சதுரமாக அறுத்து, பழுது பார்த்து, ஒட்டுப்போட்டு, வர்ணம் பூசிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுச் சுவரோ செங்கல், அதன்மேல் சிமென்டுப் பூச்சு, அதன்மேல் டைல்ஸ். ஒரு கசிவைத் தேட ஒரு சுவர் முழுதும் உடைகிறது. உடைந்த டைலுக்கு அதே நிறம், அதே பூப்போட்டது கடையில் கிடைக்காது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஒயருக்கு ஒரு நியாயம், குழாய்க்கு ஒரு நியாயமா?

வளைகிற குழாயின் பெரிய லாபம் விலை அல்ல, வேகமும் அல்ல; சுவருக்குள் இணைப்பே இல்லாமல் போட முடியும் என்பதுதான். நேர்க் குழாயில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் எல்போ, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு டீ. ஒரு குளியலறைச் சுவருக்குள் இருக்கும் இணைப்புகளை எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். வளைகிற குழாயில் ஓர் இடத்தில் சிறு பெட்டி வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு குழாய்வாய்க்கும் தனித்தனியாக ஒரே நீளக் குழாயைக் கொண்டுபோகலாம். பெட்டியில் ஒரு முனை, குழாய்வாயில் ஒரு முனை. நடுவில் ஒன்றும் கிடையாது. வாஷ்பேசின் குழாய் ஒழுகினால் பெட்டியைத் திறந்து அந்த ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகக் குளிக்கலாம்.

நார்வே, ஸ்வீடன் நாட்டவர்கள் இதற்கு மேலும் ஒருபடி போயிருக்கிறார்கள். குழாயை நேராகச் சுவரில் வைப்பதில்லை. முதலில் வரிவரியான ஓர் உறையைப் பதிக்கிறார்கள். தண்ணீர்க் குழாயை அதற்குள் விடுகிறார்கள். குழாய் கசிந்தால் தண்ணீர் உறை வழியாகவே பெட்டிக்கு ஓடிவந்து, அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சொட்டும். சுவர் நனையாது. பழுதான குழாயை உருவி எடுத்துவிட்டுப் புதியதை அதே உறைக்குள் விடலாம். ஒரு டைல் உடைய வேண்டியதில்லை.

கேட்க அதிசயமாக இருந்தாலும், இதே காரியத்தைத் தமிழ்நாட்டில் மின்சார வேலைக்காரர் நாள்தோறும் செய்து கொண்டுதான் இருக்கிறார். அவர் ஒயரைச் சிமென்டில் புதைக்கிறாரா? இல்லை. பிளாஸ்டிக் பைப்பைப் புதைத்து, அதற்குள் ஒயரை விடுகிறார். ஒயர் கெட்டால் உருவி மாற்றுகிறார். ஒயருக்குக் கொடுத்த மரியாதையைத் தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது? வளைகிற குழாயை வாங்கிவந்து, பழைய வழக்கப்படி துண்டு துண்டாக நறுக்கி, எல்போவும் டீயும் வைத்து இணைத்து, சிமென்டில் புதைப்பது என்பது மாட்டு வண்டியில் மோட்டாரை ஏற்றி, மாட்டையே விட்டு இழுக்கச் சொல்வதைப் போன்றது. அதற்கு அந்தக் குழாயையே வாங்கியிருக்க வேண்டாம்.

உறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெந்நீர் ஓடும்போது பெக்ஸ் குழாய் நீள்கிறது. செம்பைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு. முப்பதடி நீளக் குழாயில் 40 டிகிரி சூடு ஏறினால் ஆறேழு சென்டிமீட்டர் நீளம் கூடப் பார்க்கும். உறைக்குள் இருந்தால் நெளிந்து கொள்ள இடம் இருக்கிறது. சிமென்டுக்குள் இருந்தால் அந்த இழுபறி முழுவதும் முனையில் இருக்கும் இணைப்பின் தலையில்தான் விடியும்.

திருப்பத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. வளைகிறது என்பதற்காகக் கைக்குட்டையைப் போல மடக்கக் கூடாது. குழாயின் வெளி விட்டத்தைப்போல ஆறு முதல் எட்டு மடங்கு ஆரத்தில் வளைவு இருக்க வேண்டும். பதினாறு மில்லிமீட்டர்க் குழாய்க்கு இது பத்து முதல் பதின்மூன்று சென்டிமீட்டர். நெரிந்து மடிந்துவிட்டால், ஒருவகைப் பெக்ஸை மட்டும் சூடு காட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். மற்ற வகைகளில் அந்த இடத்தை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. அடியில் போய்விட்டது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று பூசிவிட்டால் அது பிற்பாடு வட்டியோடு திரும்பி வரும்.

மொட்டை மாடியின் கணக்கு

வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே செய்தால் தமிழ்நாட்டு வீட்டில் ஏமாற்றம்தான். அமெரிக்க வீட்டுக்குள் தண்ணீர் மூன்று நான்கு கிலோ அழுத்தத்தோடு நேராக வருகிறது. இங்கே வீட்டுக்கு அழுத்தம் கொடுப்பது மொட்டை மாடித் தொட்டி. தொட்டிக்கும் ஷவருக்கும் உயர வித்தியாசம் பத்தடி என்றால் அழுத்தம் 0.3 கிலோ, அதாவது அவர்களுடையதில் பத்தில் ஒரு பங்கு. இந்த நிலையில் குழாயின் உள்துவாரம் ஒரு நூல் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். அரை அங்குலச் செம்புக் குழாயின் உள்விட்டம் சுமார் 13.8 மில்லிமீட்டர். அரை அங்குலம் என்று அதே பெயரில் விற்கும் அமெரிக்கப் பெக்ஸ் குழாயின் உள்விட்டம் 12.3 மில்லிமீட்டர். பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பல வகை இணைப்புகள் குழாய்க்கு உள்ளே நுழைந்து உட்காருகிறவை. ஆகையால் அங்கே வழி இன்னும் குறுகல். அழுத்தம் மிகுந்த அமெரிக்க வீட்டில் இதை யாரும் கவனிப்பதில்லை. இங்கே மாடிக் குளியலறையில் ஷவரைத் திறந்தவர், மேலே பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டிவரும்.

ஆகவே, தொட்டியிலிருந்து வரும் தாய்க் குழாய் பெரிதாக இருக்க வேண்டும். வீடு முழுவதற்கும் ஒரே பெட்டி வைத்து அங்கிருந்து நீள நீளமாகச் சிறு குழாய்களை ஓட்டாமல், ஒவ்வொரு குளியலறைக்கும் பக்கத்திலேயே ஒரு சிறு பெட்டி வைப்பது மேல். கிளைக் குழாயையும் ஓர் அளவு பெரியதாகப் போட்டால் நஷ்டமில்லை. பம்ப் வைத்து அழுத்தம் கூட்டிக்கொள்ளும் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. மின்சாரம் போகிற நாளைத் தவிர.

மொட்டை மாடியிலேயே இன்னொரு எதிரி இருக்கிறார்: சூரியன். கிணற்றுக்குள் இறங்கும் கறுப்புக் குழாய்க்கு இருக்கும் கரிக் கவசம் வெள்ளை, சிவப்பு, நீலப் பெக்ஸ் குழாய்களுக்குக் கிடையாது. வெயிலில் சில மாதம் கிடந்தாலே அதன் ஆயுள் குறைய ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு வேலை சில மாதத்தில் முடிகிற விஷயமா? சரக்கை வாங்கி, வேலை நடக்கும் இடத்தில் மணல்மேல் போட்டுவைத்து, அடுத்த தவணைக் கடன் வருகிற வரையில் வெயிலில் காயவிட்ட குழாயைச் சுவருக்குள் வைக்கவே கூடாது. மொட்டை மாடியில் திறந்தவெளியில் ஓடும் பகுதிக்கு வேறு குழாய்தான் பொருத்தம்.

சோலார் ஹீட்டர் உள்ள வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். சித்திரை, வைகாசியில் நாலு நாள் உபயோகிக்காமல் விட்டால் அதில் தண்ணீர் கொதிநிலையை நெருங்குவதுண்டு. 93 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஓடும் வெந்நீருக்கு அமெரிக்க அளவுகோல் அந்தக் குழாய்க்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை. மின்சார ஹீட்டருக்கே முதல் ஒன்றரை அடி உலோகக் குழாயாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. இங்கே அதை ஒன்றரை அடியோடு நிறுத்தாமல் தாராளமாகவே பின்பற்றலாம்.

எலியையும் மறக்கக் கூடாது. பித்தளை, செம்பு, இரும்பு எதிலும் பல் வைக்காத எலி, பிளாஸ்டிக் குழாயைக் கடித்துப் பார்க்கத் தயங்குவதில்லை. பெட்டிக்கு மூடி இறுக்கமாக இருக்கட்டும். பொய்க்கூரைக்கு மேலே குழாயைக் கொண்டுபோவதானால் உறை இல்லாமல் போகவே வேண்டாம்.

பிளம்பருக்கு வேண்டிய கருவி

பழைய பிளம்பர் தலையை ஆட்டுவதில் இருக்கும் பாதி உண்மை இங்கேதான் வருகிறது. ‘கிராமத்தில் ஒரு பி.வி.சி. எல்போ உடைந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்கும். இதற்கு எங்கே போவது?’ என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு கம்பெனியின் பெக்ஸ் குழாய்க்கும் அந்தக் கம்பெனி சொல்லும் இணைப்புதான் சரி. ஒன்றுக்கு மற்றொன்றை மாட்டினால் இன்று நிற்கும், நாளைக்கு நிற்கும், நிற்காத நாள் ஒன்று வரும். நகரத்துக்குத் தொலைவில், உதிரிச் சாமான் கிடைக்காத ஊரில் கட்டுகிறவர் நேர்க் குழாயிலேயே இருந்துகொள்வது புத்திசாலித்தனம். போட்டுத்தான் ஆவேன் என்கிறவர், வேலை முடிகிறபோதே அரை டஜன் இணைப்புகளையும் சில அடி குழாயையும் கூடுதலாக வாங்கி, வெயில் படாத அலமாரியில் பூட்டிவைக்க வேண்டும்.

ஆனால் வேலை தெரியவில்லை என்று பிளம்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. சணலும் வர்ணமும் வைத்து இரும்புக் குழாயை இறுக்கியவர்தான் பிறகு பசை தடவி பி.வி.சி. ஒட்டக் கற்றுக்கொண்டார். இதையும் கற்றுக்கொள்வார். வளையத்தை நெருக்குகிற இடுக்கிக்கும், சரியாக நெருங்கியிருக்கிறதா என்று பார்க்கிற சிறு அளவுத் தகட்டுக்கும் அவர் எங்கே போவார்? ஒரே ஒரு வீட்டு வேலைக்காக அதை வாங்க அவருக்குக் கட்டுப்படியாகாது. கான்ட்ராக்டரோ வாங்கித்தர மாட்டார். வெறும் கட்டிங் பிளேயரால் நெருக்கிவிட்டுப் போகிறார்கள். அமெரிக்காவில் வளையத்தைக் கண்மூடித்தனமாக இறுக்கியதன் பலனை மேலே பார்த்தோம். குழாய் விற்கும் கம்பெனிதான் இடுக்கியையும் தகட்டையும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காத கம்பெனியின் சரக்கு வேண்டாம் என்று வீட்டுக்காரர்கள் துணிந்து சொன்னால் தானே வழிக்கு வருவார்கள். பித்தளை இணைப்பானால், துத்தநாகம் உருவிப்போகாத வகைதானா என்றும் எழுத்தில் கேட்க வேண்டும். உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ள ஊர்களில் இது சாதாரணக் கேள்வியே அல்ல.

பூச்சு வேலைக்கு முன்னால் சோதனை செய்வது எல்லாக் குழாய்க்கும் பொது. கைப்பம்ப் வைத்து, அழுத்தமானியை மாட்டி, உபயோகத்தில் வரும் அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாய் முதலில் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் முள் சற்று இறங்கும். அதைப் பார்த்துக் கலவரப்பட வேண்டாம். மறுபடி ஏற்றி, ஓர் இரவு விட்டு, காலையில் பார்த்தால் போதும். கொத்தனார் பூசி முடிக்கும் வரையில் அழுத்தத்தை இறக்காமல் விட்டுவைத்தால், உளியோ ஆணியோ குழாயில் பட்டால் அப்போதே பீச்சியடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் செலவு என்று பார்த்தால் ஒரு நாள் தாமதம். கொத்தனார் கூலி நின்று போகிறதே என்று அவசரப்பட்டு இந்த ஒரு நாளை விழுங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தனி வீட்டில் கசிந்தால் நஷ்டம் ஒருவருக்கு. அடுக்குமாடிக் கட்டடத்தில் மேல்வீட்டுக் குளியலறையில் கசிகிறது, கீழ்வீட்டுக் கூடத்தின் கூரையில் சொட்டுகிறது. கீழ்வீட்டார் மேலே வந்து கதவைத் தட்டுகிறார்கள். மேல்வீட்டாரின் தரை உலர்ந்து பளபளவென்று இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒன்றுமில்லையே என்கிறார். கட்டியவரைத் தேடினால் அவர் வேறு ஊரில் வேறு பெயரில் கட்டிக் கொண்டிருக்கிறார். சங்கத்துக் கூட்டத்தில் ஆறு மாதம் பேச்சு நடக்கிறது. அண்ணன் தம்பி மாதிரி இருந்த இரண்டு குடும்பங்கள் லிப்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இத்தனைக்கும் காரணம் சுவருக்குள் இருக்கும் ஒரு பொட்டு இணைப்பு. அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்காவது, மறைவான சுவருக்குள் இணைப்பு இருக்கக் கூடாது, வளைகிற குழாயானால் உறைக்குள்தான் போக வேண்டும் என்று கட்டட அனுமதியிலேயே ஒரு நிபந்தனை சேர்த்தால் என்ன? உறைக்கும் பெட்டிக்கும் கூடுதல் செலவு ஆகும் என்பார்கள். இரண்டு குளியலறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டுக்குப் பதினான்கு வரிக் குழாய் போகலாம்; பெட்டிகள், உறை, கூடுதல் நீளம் எல்லாம் சேர்ந்து செலவு கூடத்தான் செய்யும். தரைக்கு இத்தாலிய மார்பிள் கேட்கிற வீட்டில் இது ஒரு தொகையா?

பூசுவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. அதற்குக் காசு செலவில்லை. குழாய் ஓடும் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கைப்பேசியிலேயே படம் எடுத்து, அச்சுப் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட வேண்டும். பத்து வருஷம் கழித்து, துண்டு மாட்டக் கொக்கி அடிக்கத் துளைக்கருவியோடு வந்து நிற்கிற ஆளிடம், எந்த இடத்தில் துளைக்கக் கூடாது என்று அந்தப் படத்தைக் காட்டலாம்.